பதினொரு நாள் வழி

(தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் நாம் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம். நேரம் போதாமல் ஒலிபரப்பில் விட்டுப்போன சில பகுதிகளையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.)



ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதை நாம் அறிவோம். தவக்கால மூன்றாம் ஞாயிற்றுக்கு மட்டும் அதில் ஒரு தனி வழக்கம் உண்டு. முதல் ஆண்டில் பாறையிலிருந்து புறப்பட்ட தண்ணீர். இரண்டாம் ஆண்டில் பத்துக் கட்டளைகள். மூன்றாம் ஆண்டில் எரிந்தும் தீய்ந்து போகாத முட்புதர். மூன்றும் விடுதலைப் பயண நூலிலிருந்து வருபவை. மூன்றும் ஒரே மண்ணில் நடந்தவை. எந்த ஆண்டானாலும் இந்த ஞாயிறன்று திருச்சபை நம் கையைப் பிடித்து அந்த ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப் போகிறது. அந்த இடம் சீனாய்.

நாமும் பல ஆண்டுகளாக இந்த ஞாயிறன்று ஒரே மறையுரையைத்தான் சொல்லிவந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாலைவனம் கடவுள் நடத்தும் பள்ளிக்கூடம், இஸ்ரயேலர் நாற்பது ஆண்டு பொறுமையாகப் படித்தார்கள், நாமும் பொறுத்திருப்போம். குருமடத்தில் எழுதிவைத்த குறிப்பேடு இன்னும் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் படித்தால் போதும்.

ஒரு வருடம் அப்படிச் சொல்லி முடித்துத் திருப்பலி உடைகளைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது, அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். வீட்டில் இரண்டு தறி. தீபாவளி முடிந்ததிலிருந்து முதலாளி பாவு கொடுக்கவில்லை. தறி நின்று மூன்று மாதம். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "ஏனுங்க சாமி, அவுங்க நாப்பது வருசம் நடந்தாங்கன்னு சொல்றீங்க. அவுங்களுக்கு வாராவாரம் கெடு இல்லீங்களே" என்றார். அவ்வளவுதான். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் விவிலியத்தின் பின்னால் இருக்கும் வரைபடத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தோம். இறையியல் படித்த நாம் நிலவியல் படிக்கவில்லை. இன்று அதைக் கொஞ்சம் சேர்ந்து படிப்போம்.

சீனாய் ஒரு முக்கோணம். வடக்கே மத்தியதரைக் கடல். தெற்கே கூர்முனை செங்கடலுக்குள் நீண்டிருக்கிறது. செங்கடல் அந்த முனையில் இரண்டாகப் பிரிந்து, மேற்கே சூயஸ் வளைகுடாவாகவும் கிழக்கே அக்காபா வளைகுடாவாகவும் இருபுறமும் ஏறுகிறது. மேற்கே போனால் ஆப்பிரிக்கா, கிழக்கே போனால் ஆசியா. இரண்டு கண்டங்களையும் ஒட்டவைக்கும் நிலம் இதுதான். பரப்பு ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மழையைப் பற்றிக் கேட்டால், நம் சேலத்தில் ஒரு நல்ல ஐப்பசியில் பெய்வது அங்கே பல இடங்களில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில்லை.

பாலைவனம் என்றதும் நம் மனதில் மணல் மேடும் ஒட்டகமும்தான் வரும். சீனாயில் அது வடக்கு ஓரத்தில் மட்டும். நடுவில் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மொட்டையான, எல்லை தெரியாத பரப்பு. அரபு மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தீஹ்'. வழி தவறி அலைதல் என்று பொருள். தெற்கே போகப் போகச் செந்நிறக் கருங்கல் மலைகள் எழும்பும். அங்கே கத்தரீனா மலையின் உயரம் 2,600 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டா எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. மோசேயின் மலை என்று மரபாக வணங்கப்படுவது அதற்கு அருகே, 2,285 மீட்டரில். நம் சேர்வராயன் மலை அதைவிட அறுநூறு மீட்டருக்கும் மேல் குறைவு. மலைகளுக்கு நடுவே நீரில்லா ஆறுகள். நம் சரபங்கா ஆறு வறண்டு கிடக்கும்போது எப்படி இருக்கும் என்று தாரமங்கலம், எடப்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஆறுகள், எப்போதாவது மலையில் பெய்தால் ஒரே மணி நேரத்தில் வெள்ளம், மறுநாள் மறுபடியும் மணல்.

மலைக்குள் தாதுவும் இருந்தது. நம் கஞ்சமலையில் இரும்பு இருப்பதைப் போல அங்கே செம்பும், நீலப்பச்சை நிறத்து மணிக்கற்களும். பார்வோன்கள் அதற்காகச் சுரங்கம் வெட்டினார்கள். செராபித் எல் காதிம் என்ற சுரங்க மேட்டில் 1905-ஆம் ஆண்டில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கில ஆய்வாளர் சில கல்வெட்டுகளைக் கண்டார். எகிப்தியரின் பட எழுத்து நூற்றுக்கணக்கில் இருக்க, இதில் இருந்தவை முப்பதுக்கும் குறைவான குறிகள்தாம். ஒலிக்கு ஒரு குறி என்று எழுதும் முறையின் மிகப் பழைய சான்றுகளில் இவை அடங்கும். எகிப்தில் வேலைக்கு வந்த செமித்திய மக்களோடு தொடர்புள்ள எழுத்து அது. அரண்மனைப் பண்டிதர்கள் ஆண்டுக்கணக்கில் படித்த எழுத்தை, கல் உடைக்கும் இடத்தில் யாரோ இவ்வளவு சுருக்கிவிட்டார்கள். கட்டளைகள் கல்லில் எழுதப்பட்டன என்று விவிலியம் சொல்லும் நாட்டில் இப்படி ஒன்று கிடைத்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. அதைத் தாண்டி அதில் எதையும் நிரூபிக்கப் போவதில்லை.

இப்போது வழிக்கு வருவோம். எகிப்திலிருந்து கானானுக்குப் போக எளிய வழி வடக்கே கடலோரம். இன்றைய சூயஸ் கால்வாயிலிருந்து காசா எல்லை வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சேலத்திலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்கூட இல்லை. நடந்தாலும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பிறகு ஏன் சுற்றினார்கள்? விடுதலைப் பயணம் 13-ஆம் அதிகாரத்தில் 17-ஆம் வசனத்தை வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். அந்த வழி அருகில் இருந்தும் கடவுள் அதில் அவர்களை நடத்தவில்லை. போரைக் கண்டால் மனம் மாறி எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்பது காரணம். அவர்களைச் சோதித்துப் பார்க்கவோ தண்டிக்கவோ சுற்றுவழியில் கொண்டுபோனதாக அங்கே எழுதியிருக்கவில்லை. அவர்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்து வழியை மாற்றியிருக்கிறார். செங்கல் சூளை அடிமைகளுக்குப் போர் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் பல ஆண்டு சொல்லிவந்த மறையுரை இந்த ஒரு வசனத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

அந்தக் குறுக்குவழி எப்படிப்பட்டது என்பதை வரலாறு சொல்கிறது. பார்வோன்களின் கோட்டைகள் வரிசையாக நின்ற வழி அது. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் அதன் வழியே எகிப்துக்குள் நுழைந்தார். 1799-இல் நெப்போலியன் அதே வழியில் எல் அரீஷ் கோட்டையைப் பிடித்தார். 1915 பிப்ரவரியில் துருக்கியப் படை சீனாயைக் கடந்து சூயஸ் கால்வாயைத் தாக்கியபோது, கரையில் நின்று தடுத்தவர்களில் பெரும்பகுதி நம் இந்தியச் சிப்பாய்கள். 1956, 1967, 1973 என்று மூன்று போர்கள். 1956-க்குப் பிறகு ஐ.நா. சபை அமைதிப் படை ஒன்றை அங்கே நிறுத்தியது. அதில் 1967 வரை இந்திய வீரர்கள் இருந்தார்கள். அதற்கு இந்தியத் தளபதிகள் தலைமை தாங்கியதும் உண்டு. 1967 ஜூனில் போர் வெடித்தபோது காசாவில் அமைதிக்காக நின்ற இந்திய வீரர்கள் சிலர் உயிரிழந்தார்கள். பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்கும். 1979 உடன்படிக்கைக்குப் பிறகு, 1982 ஏப்ரலில் சீனாயின் பெரும்பகுதி எகிப்துக்குத் திரும்பியது.

இன்னும் ஓய்வில்லை. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல் அரீஷில் கிறிஸ்தவர்கள் குறிவைத்துக் கொல்லப்பட, கோப்துக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு கால்வாயைக் கடந்து ஓடினார்கள். அதே ஆண்டு நவம்பரில், அதே வட சீனாயில், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் முன்னூறு பேருக்கு மேல் மசூதிக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். யோசேப்பும் மரியாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரோதுக்குப் பயந்து ஓடியதும் இந்தப் பக்கம்தான் என்று மரபு சொல்கிறது. ஓடுகிறவர்களுக்கும் துரத்துகிறவர்களுக்கும் ஒரே பாதை.

சரி, சுற்றுவழியில் நடந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? காடை இன்றும் வருகிறது. இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் காடைகள் மத்தியதரைக் கடலை ஒரே மூச்சில் கடந்து, சீனாய்க் கரையில் களைத்து விழும். மீனவர்கள் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். மன்னாவைப் பற்றி அறிஞர்கள் சொல்வது, அங்குள்ள சவுக்கு போன்ற ஒரு மரத்தில் சிறு பூச்சிகள் மரச்சாற்றைக் குடித்து வெளிவிடும் இனிப்புத் துளிகள் இரவில் உறைந்து, காலையில் பொறுக்க முடியும் என்பது. பெதுயீன் மக்கள் இன்றும் அதை மன் என்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம்; அப்படியானால் அற்புதம் இல்லையா என்று கேட்கிறார்கள். நமக்கு வருத்தம் இல்லை. அந்த மண்ணில் இருந்ததைக் கொண்டே அவர் அவர்களுக்கு ஊட்டினார். அற்புதத்தை வேறோர் இடத்தில் தேடிப் பாருங்கள்: அதிகம் பொறுக்கினவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கினவனுக்குக் குறையவில்லை. சேர்த்துவைத்தது புழுத்துப்போனது. எந்தப் பூச்சியும் இதைச் செய்யாது.

நம் ஊர்க்காரர்களுக்காகவே இருப்பதுபோன்ற ஒரு செய்தி இனி வருகிறது. தறிக்காரர்கள் கவனிக்கவும்.

இஸ்ரயேலர் சீனாய் மலையடிவாரத்தில் எவ்வளவு காலம் இருந்தார்கள்? நூலிலேயே கணக்கு இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் வந்தார்கள், அடுத்த ஆண்டு இரண்டாம் மாதத்தில் கிளம்பினார்கள். ஏறத்தாழ ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் என்ன செய்தார்கள்? சட்டம் வாங்கினார்கள், இதை எல்லாரும் சொல்வோம். நெய்தார்கள், இதை யாரும் சொல்வதில்லை. சந்திப்புக் கூடாரத்துக்காக முறுக்கு நூலில் மெல்லிய நார்த்துணி. நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல். பத்துத் திரைகள்; ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். நம் சேலையோடு ஒப்பிட்டால் நீளம் இரண்டு மடங்குக்கும் மேல், அகலம் ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் ஆட்டுமயிரில் பதினொரு திரைகள், 30 முழம். ஆட்டுமயிரை நூற்றவர்கள் பெண்கள் என்று 35-ஆம் அதிகாரம் தனியாகக் குறிப்பிடுகிறது. ஓரத்தில் ஐம்பது ஐம்பது வளையம் வைத்து ஒன்றோடொன்று கோர்த்தார்கள். பெட்சலேல், ஒகொலியாபு என்று மேற்பார்வையாளர் இருவரின் பெயரும் இருக்கிறது. கைத்தொழிலுக்கு என்று கடவுளின் ஆவி ஒரு மனிதனை நிரப்பியதாக விவிலியத்தில் நாம் முதலில் படிப்பது இந்தப் பெட்சலேலைப் பற்றித்தான். அரசனுக்கும் இறைவாக்கினனுக்கும் முன்னால் அந்தப் பேறு கைவினைஞனுக்குக் கிடைத்தது.

பெதுயீன் பெண்கள் இன்றும் ஆட்டுமயிரில் கூடாரத் துணி நெய்கிறார்கள். நான்கு முளை அடித்துத் தரையிலேயே பாவு விரித்து, அதன் மேல் உட்கார்ந்து நெய்யும் தறி. இடம் மாறும்போது முளையைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போகலாம். மழை பட்டால் அந்த மயிர் பருத்து இழை நெருங்கிவிடும், தண்ணீர் இறங்காது. பேழைக்கு மரமும் வெளியிலிருந்து வரவில்லை. அங்கே வளரும் வேலமரத்தின் இனம். நாம் ஏருக்கும் வண்டிக்கும் பயன்படுத்திய அதே குடும்பம். பொருள் சேர்ந்தது போதும், இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே அறிவிக்க வேண்டியதாயிற்று என்றும் எழுதியிருக்கிறது. பங்குத்தந்தையாக இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நேரம் ஏக்கத்தோடு நின்றுவிடுவோம். நம் ஆலயக் கூரை நிதிக்கு அப்படி ஓர் அறிவிப்பு இன்னும் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாற்பது பேர் கொண்ட திருப்பயணக் குழுவோடு நாம் அந்த மலைக்குப் போனோம். அடிவாரத்தில் புனித கத்தரீனா துறவியர் மடம். யுஸ்தினியான் பேரரசர் ஆறாம் நூற்றாண்டில் கட்டியது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவிகள் இன்றும் அங்கே செபிக்கிறார்கள். இறந்த துறவிகளின் எலும்புகளைச் சேர்த்துவைக்கும் அறையும், மோசே கண்ட முட்புதர் என்று போற்றப்படும் செடியும் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டு விவிலியக் கையெழுத்துப் பிரதி ஒன்று இங்கிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியே போனது. இப்போது அதன் பெரும்பகுதி லண்டனில். மதிலுக்குள் ஒரு சிறிய மசூதியும் உண்டு. மடத்தைக் காத்துவரும் பழங்குடி மக்கள் முஸ்லிம்கள். பதினான்கு நூற்றாண்டுகளாக அந்த உறவு நிலைத்திருக்கிறது. அமாவாசைக்குக் கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்குப் போகும் அண்டை வீட்டாருக்கு நாம் வழியில் மோர் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை 2000 பிப்ரவரியில் அங்கே போய்ச் செபித்தார்.

இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். பகலில் சட்டை நனைய வியர்த்த அதே இடம். ஏற ஏறக் குளிர் எலும்பைப் பிடித்தது. சேலத்து வெயிலில் வளர்ந்த நமக்கு ஒரு ஸ்வெட்டர் போதும் என்று நினைத்ததுதான் தவறு. கடைசி 750 படியில் பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. உச்சிக்குச் சற்றுக் கீழே பெதுயீன் இளைஞர்கள் கம்பளி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அழுக்கும் ஒட்டக வாடையுமாக ஒரு கம்பளி; வாங்கிப் போர்த்திக்கொண்டு ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். குளிர்காலத்தில் இந்த மலையில் பனியும் பெய்யும்.

அந்தக் கம்பளிக்குள் இருந்தபோதுதான் விடுதலைப் பயணம் 22-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே. அவன் மேலாடையை அடகாக வாங்கியிருந்தால், கதிரவன் மறையும் முன் திருப்பிக் கொடுத்துவிடு. ஏனென்றால் அவனுக்கு இருக்கிற போர்வை அது ஒன்றுதான். வேறு எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான்? அவன் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன் என்கிறார் கடவுள். வகுப்பறையில் இது ஒரு சட்டப் பிரிவு. அந்த மலையில் அதிகாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால், அந்தத் துணி இல்லாதவன் விடியும்வரை இருக்கமாட்டான் என்பது புரிகிறது. இந்தச் சட்டத்தைக் கொடுத்தவருக்கு அந்த இடத்தின் குளிர் தெரியும்.

பின்னர் மோவாபுச் சமவெளியில் மோசே மக்களுக்கு இன்னொன்றும் சொன்னார். அது இணைச்சட்டம் 24-இல் இருக்கிறது. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே. அது ஒருவனின் உயிரையே அடகு வாங்குவதாகும். இளம்பிள்ளையில் திரிகை எது? தறிதான்.

இங்கே சற்றுக் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. வாரக்குழு, நாள்வட்டி, ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று நம்மிடையே எத்தனை பெயர்! பாவு கொடுக்கும்போதே கொடுக்கப்படும் முன்பணம், கூலியில் கழிந்தும் தீராமல் அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் குடும்பங்களில் கடனுக்காகச் சிறுநீரகத்தையே விற்றவர்களைப் பற்றி நாளிதழ்களில் படித்திருக்கிறோம். மேலாடையை அடகு வைத்த நிலையையும் தாண்டியாயிற்று. கந்துவட்டியைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் எந்தக் காவல் நிலையத்துக்குத் துணிந்து போவான்? கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே பெஞ்சில் மண்டியிட்டு ஒரே அப்பத்தைப் பெறுகிறார்கள். நமக்கு இது தெரியும். தெரிந்தும் பல ஆண்டு பீடத்தில் நின்று பொறுமையைப் பற்றிப் பேசினோம். வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் திருவிழாவுக்குக் கொடுத்த பெரிய நன்கொடைக்கு நன்றி அறிவிப்பும் வாசித்தோம். அந்த அறிவிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த அம்மா கேட்டதற்கு வருவோம். இணைச்சட்டத்தின் முதல் அதிகாரம், இரண்டாம் வசனம். ஓரேபு மலையிலிருந்து காதேசு பர்னேயாவுக்குப் பதினொரு நாள் வழி. ஓரேபு என்பது சீனாயின் இன்னொரு பெயர். காதேசு என்றால் வாக்களித்த நாட்டின் வாசற்படி. பதினொரு நாள்! நாற்பது ஆண்டு எங்கிருந்து வந்தது? பாலைவனத்தின் அளவினால் வரவில்லை. வாசற்படிவரை போய், உள்ளே இருப்பவர்களைக் கண்டு பயந்து, முடியாது என்று அழுது திரும்பியதால் வந்தது. நிலம் கேட்டது பதினொரு நாள்தான். மீதியை மனிதர் சேர்த்தார்கள். நம் ஊரில் ஒரு நெசவாளி கடனைத் தீர்க்க எத்தனை காலம் ஆகவேண்டும் என்று பென்சிலால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு? அந்த அம்மாவோடு உட்கார்ந்து நாம் போட்டோம். 40,000 ரூபாய் அசல். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியாயிற்று. அசல் அப்படியே நிற்கிறது. இதற்குப் பெயர் கடவுளின் பள்ளிக்கூடம் என்றா சொல்வது?

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். எலியா. ஈசபேல் அரசியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடினார். பெயேர்செபாவுக்கு அப்பால் பாலைநிலத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்று கேட்டார். இறைவாக்கினர்தாம் அப்படிக் கேட்டார். கடவுள் கண்டிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தூங்கவிட்டார். எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டார். மறுபடி சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்கு நடை. அதற்கும் பிறகுதான் பேச்சு. நேயர்களில் யாருக்காவது இந்த வாரம் அந்தச் செடியடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தால், தனியே உட்கார்ந்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பங்கு இல்லத்தின் கதவையும் தட்டலாம். எந்த மதத்தவரானாலும், எந்த நேரமானாலும். முதலில் சோறு போடுவோம்.

அந்த அம்மாவின் தறி இப்போது ஓடுகிறது. நாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போனோம். அவரும் நம் பங்குக்காரர்தான். விடுதலைப் பயணம் 22-ஐக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். வாசித்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத இத்தன வருசமா நீங்க சொல்லவே இல்லீங்களே ஃபாதர்" என்றார். அது நியாயமான குற்றச்சாட்டு. பத்திரத்தை அன்றே கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அதுவும் பொழுது சாய்வதற்குள் மகனிடம் கொடுத்தனுப்பினார்.

நம் பங்கு மக்களுக்கு ஒரு சொல். வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு இல்லத்தின் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரும் உடன் இருப்பார். கடன் வாங்கியவர்கள், கட்டிய தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தாலும் சரி, அதை எடுத்து வாருங்கள். பென்சிலும் தாளும் நாம் தருவோம். வட்டிக்குக் கொடுத்தவர்களும் வரலாம். முன்வாசலில் வரக் கூச்சமாக இருந்தால், சமையலறைப் பக்கம் உள்ள பின்கதவையும் அன்று பூட்டமாட்டோம்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.